கூடாரத்துக்குள் வந்து இறங்கும் வேற்றுலகம்

வினோதமான வேற்றுலகங்களைச் சொல்லும் மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களிலும் அறிவியல் புனைவு நாவல்களிலும் சர்க்கஸ் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, அவற்றுள் எவற்றை, எந்த வரிசையில் படிக்கலாம், சர்க்கஸே வேறொரு கிரகத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதைகள் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருந்தீர்கள். இவை மூன்று தனிக் கேள்விகள் போலத் தோன்றினாலும், முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மூன்றாவதன் முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். கதைகளின் முடிவுகளைக் கூடியவரை வெளிப்படுத்தாமல் எழுத முயல்கிறேன். ஆனால் நடுவே நிகழும் சிலவற்றைச் சொல்லாமல் இதை விளக்க இயலாது.

வேற்றுலகக் கதைகள் பெரும்பாலும் மனிதனை இங்கிருந்து அங்கே கொண்டுபோகின்றன. ஒரு கதவு திறக்கிறது, ஒரு கப்பல் புறப்படுகிறது, ஒருவன் உறங்கி வேறொரு காலத்தில் விழிக்கிறான். சர்க்கஸ் கதையில் பயணத்தின் திசை மாறிவிடுகிறது. அங்கே மனிதன் தன் ஊரைவிட்டு நகர்வதில்லை. உலகம்தான் அவனைத் தேடி வந்து, நேற்றுவரை புல் முளைத்துக் கிடந்த திடலில் கூடாரம் அடித்து, நுழைவுச்சீட்டு விற்று, சில நாள்களில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறது. அந்த உலகத்துக்குத் தனிச் சமையற்கூடம் இருக்கிறது, தனிப் பட்டறை இருக்கிறது, வெளியாளுக்குப் புரியாத குழூஉக்குறிச் சொற்கள் இருக்கின்றன, வரிசையும் தண்டனையும் இருக்கின்றன. ஒரு மிகுபுனைவு எழுத்தாளர் பல நூறு பக்கங்களில் கட்டி எழுப்ப வேண்டிய உலகத்தின் எலும்புக்கூடு உண்மையான சர்க்கஸிலேயே ஆயத்தமாகக் கிடைக்கிறது.

வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. 1768இல் லண்டனில் ஃபிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் திறந்த வெளியில் ஒரு வட்டம் வகுத்து அதற்குள் குதிரை வித்தைகளைக் காட்டத் தொடங்கினார். வட்டம் என்பது அழகுக்காகத் தேர்ந்துகொண்ட வடிவமன்று. வட்டத்தில் ஓடும் குதிரையின்மேல் நிற்பவர் உள்நோக்கிச் சாய்ந்துகொண்டால், அந்தச் சுழற்சியின் விசையே அவருடைய பாதங்களைக் குதிரையின் முதுகோடு அழுத்திப் பிடித்து, நேர்கோட்டில் ஓடும் குதிரையின்மேல் கிட்டாத சமநிலையைத் தருகிறது. பல அளவுகளைச் சோதித்துப் பார்த்தபின் ஏறத்தாழ 42 அடி, அதாவது 13 மீட்டர் குறுக்களவு நிலைபெற்றது. இன்றும் உலகெங்கும் சர்க்கஸ் வளையத்தின் அளவு அதுவே. பிறகு 1825இல் அமெரிக்காவில் ஜோஷுவா பர்டி பிரவுன் கித்தான் கூடாரத்தைக் கொண்டுவந்தார். 1859இல் பாரிஸில் ஷூல் லெயோதார் ஊசலாடும் பாரிலிருந்து இன்னொரு பாருக்குத் தாவிக் காட்டினார். 1872 முதல் அமெரிக்கக் காட்சித்தொழில் முதலாளியான பி. டி. பார்னமின் பெருங்குழு ரயிலேறி ஊர் ஊராகப் போயிற்று. இரவோடு இரவாக வந்து இறங்கும் நகரம் என்ற படிமம் கற்பனையாளர்கள் கண்டுபிடித்தது அன்று, ரயில் கால அட்டவணை தந்தது.

நாவல்களுக்குள் போகுமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. படிக்கும்போது இது மிகவும் உதவும். சர்க்கஸ் வேறு, கார்னிவல் வேறு. சர்க்கஸில் ஒரு வளையத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒரே வித்தையைப் பார்க்கிறோம்; ஒருவர் கை தவறினால் ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சடக்குகிறோம். கார்னிவலில் பார்வையாளர் நடக்கிறார். வீதியின் இருபுறமும் சிறுசிறு கூடாரங்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒருவர் நின்று கூவி அழைக்கிறார். எதற்குள் நுழைவது என்பதை ஒவ்வொருவரும் தனியே முடிவு செய்ய வேண்டும். 1893இல் சிகாகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியின் கேளிக்கை வீதியும், அங்கே நின்ற 264 அடி உயர முதல் பெருராட்டினமும் இந்த இரண்டாவது வடிவத்துக்கு முன்மாதிரியாக அமைந்தன. கதையில் இந்த வேறுபாடு பெரிது. வளையம் கூட்டு வியப்பைப் பற்றிய கதைகளைத் தருகிறது. கார்னிவல் வீதி தனிமனிதனின் ஆசையைப் பற்றிய கதைகளைத் தருகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொரு வாசலும் தனித்தனியே கேட்கும் இடத்தில்தான் சாத்தான் கடை விரிக்க முடியும்.

இப்போது மையமான செய்திக்கு வருகிறேன். சர்க்கஸைக் கொண்ட சிறந்த மிகுபுனைவுகளை அடுத்தடுத்துப் படித்தால், ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே தந்திரம் வேலை செய்வதைக் காணலாம். அங்கே காட்டப்படும் அதிசயம் மெய்யானது. ஆனால் அது கண்கட்டு வித்தையாக வேடம் போட்டுக்கொண்டு மேடையேறுகிறது. சீட்டு வாங்கியவர், இது பொய் என்று முன்பே ஒப்புக்கொண்டுதான் உள்ளே வருகிறார்; ஆகவே மெய்யை அவருடைய கண் முன்னே நிறுத்தினாலும் அவர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஓர் அதிசயத்தை ஒளித்துவைக்க உலகிலேயே பாதுகாப்பான இடம் விளக்கொளி விழும் மேடைதான். இதனால் இந்த நாவல்களின் உண்மையான கதைப்பொருள் கூடாரத்துக்குள் இருக்கும் விலங்கோ மாயாவியோ அல்ல. எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதர்.

இதை முதன்முதலாக முழுமையாகச் செய்து காட்டியவர் சார்லஸ் ஜி. ஃபின்னி. 1935இல் வெளிவந்த அவருடைய “த சர்க்கஸ் ஆஃப் டாக்டர் லாவோ” அளவில் மிகச் சிறியது. ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். அரிசோனாவில் அபலோன் என்ற கற்பனைச் சிற்றூர். பொருளாதாரப் பெருமந்தக் காலம். டாக்டர் லாவோ என்ற சீனர் ஒருவர் தம் சர்க்கஸோடு வந்து சேருகிறார். அவரிடம் இருப்பவை பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசா, கடற்கன்னி, பாதி மனிதனும் பாதி ஆடுமான சட்டையர், ஒற்றைக்கொம்புக் குதிரையான யூனிகார்ன், கிரேக்க ஞானி அப்பலோனியஸ். எல்லாமே மெய்யானவை. ஊராருக்கோ அவற்றைவிட முக்கியமான கவலைகள் இருக்கின்றன: வண்டியில் கிடந்தது கரடியா மனிதனா என்று வாக்குவாதம், கட்டணம் நியாயமா என்ற ஐயம். ஒரு விதவை குறி கேட்கப் போகிறாள்; பொய் சொல்ல இயலாத சாபம் பெற்ற அப்பலோனியஸ், அவளுடைய எஞ்சிய வாழ்நாளில் குறிப்பிடத்தக்க எதுவுமே நடக்கப்போவதில்லை என்று அமைதியாகச் சொல்கிறார். நான் படித்தவற்றுள் இதைவிடக் குரூரமான ஆரூடம் இல்லை. அவளோ அதையும் பொருட்படுத்தாமல் எழுந்து போகிறாள். எச்சரிக்கையை நம்பாமல் மெதூசாவை நேருக்கு நேர் பார்த்த இன்னொருத்தி கல்லாகிவிட, கூட்டத்தில் இருந்த நிலவியலாளர் அந்தக் கல்லின் நிறத்தையும் தரத்தையும் வியந்து பாராட்டுகிறார்.

இந்த நூலைப் பரிந்துரைக்கும்போது மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. சீனரைப் பற்றியும் பிற இனத்தவரைப் பற்றியும் ஊர்மக்கள் பேசும் பேச்சில் அக்காலத்து இனவெறி அப்படியே இருக்கிறது. ஆசிரியரின் தள்ளிநிற்கும் ஏளனம் அதை எல்லா இடத்திலும் கண்டிக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் டாக்டர் லாவோவே தமக்கு வேண்டியபோது கொச்சை ஆங்கிலத்தையும் வேண்டாதபோது பேராசிரியரின் ஆங்கிலத்தையும் மாற்றி மாற்றிப் பேசுவதைக் கவனியுங்கள். பார்வையாளர் எதிர்பார்க்கும் சீனரை அவர் காட்சிப்பொருளாக்கி விற்கிறார். ஃபின்னி அமெரிக்கப் படையில் சேர்ந்து 1920களின் இறுதியில் சீனாவின் தியான்ஜின் நகரில் பணியாற்றியவர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. 1964இல் வந்த திரைப்படம் இந்தக் கசப்பையெல்லாம் நீக்கி, ஊரைத் திருத்தும் நல்லுபதேசக் கதையாக அதை மாற்றிவிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் நாவலையும் அப்படியே எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

மேடையே மறைவிடம் என்ற கருத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவர் ஏஞ்சலா கார்ட்டர். 1984இல் வெளிவந்து ஜேம்ஸ் டெய்ட் பிளாக் நினைவுப் பரிசு பெற்ற “நைட்ஸ் அட் த சர்க்கஸ்” நாவலின் நாயகி ஃபெவர்ஸ், முட்டையிலிருந்து பொரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும், முதுகில் சிறகு முளைத்த ஊஞ்சல் வித்தைக்காரி. 1899இல் வால்சர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளன் அவளுடைய புரட்டை அம்பலப்படுத்தும் நோக்கத்தோடு பேட்டி காண வருகிறான். அவளுடைய வித்தையைப் பார்க்கும்போது அவனுக்கு ஒன்று உறுத்துகிறது. பிற வித்தைக்காரர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் போடும் குட்டிக்கரணத்தை அவள் சாவதானமாக, ஏறத்தாழச் சோம்பலோடு போடுகிறாள். புரட்டுக்காரியாக இருந்தால் வேகத்தைக் காட்டி ஏமாற்றியிருக்க வேண்டுமே! பிறகு அவனுடைய சிந்தனை தலைகீழாகிறது: மெய்யாகவே சிறகுள்ள ஒருத்தி சர்க்கஸில் பிழைக்க வேண்டுமானால், போலிச் சிறகு கட்டிய பெண்ணைப் போல நடிப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி என்ன? மெய்யென்று தெரிந்த நொடியில் அவள் கலைஞர் என்ற தகுதியை இழந்து வெறும் விநோதப் பிறவியாகிவிடுவாள். சீட்டு வாங்கியவர்களின் வியப்பும் அருவருப்பாக மாறிவிடும். நாவலின் மூன்று பகுதிகளும் லண்டன், பீட்டர்ஸ்பர்க், சைபீரியா என்று நகர நகர, யதார்த்தத்தின் பிடி தளர்ந்துகொண்டே போவது கார்ட்டரின் கைத்திறன். தங்கள் ஒப்பந்தத்தைத் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளும் சிம்பன்சிகள் வரும் பகுதியை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன்.

அறிவியல் புனைவின் பக்கத்திலிருந்தும் இதே கேள்வியை ஒருவர் கேட்டிருக்கிறார். அதை எதிர்பாராத ஒரு நூலில் சந்திக்கிறோம். ராபர்ட் ஹைன்லைனின் “ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்” 1961இல் வந்தது. அடுத்த ஆண்டு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது. செவ்வாய்க் கிரகவாசிகளிடம் வளர்ந்த மனிதனான மைக், பொருள்களை நினைத்த மாத்திரத்தில் மிதக்கவும் மறையவும் செய்ய வல்லவன். பூமியில் அலைந்து திரியும்போது ஒரு கார்னிவலில் மந்திர வித்தைக்காரனாகச் சேர்கிறான். மெய்யான ஆற்றல் இருந்தும் அங்கே தோற்றுப்போகிறான். எதிரே நிற்கும் ஏமாளிக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அதிசயம் செய்வது வேறு, வியப்பூட்டுவது வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறெவரும் சொல்லிவிடவில்லை. அந்தப் பாடத்தைப் பின்னர் கற்றுக்கொண்டவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதே நாவலின் இரண்டாம் பாதி. நூல் முழுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பெண்களைப் பற்றிய அதன் பல பேச்சுகள் இன்று சகிக்கக்கூடியவையாக இல்லை. கார்னிவல் பகுதியை மட்டும் படித்தாலும் தகும்.

எரின் மார்கன்ஸ்டெர்ன் 2011இல் எழுதிய “த நைட் சர்க்கஸ்” இதே மரபைச் சேர்ந்தது. மெய்யான மந்திரத்தை மேடைத் தந்திரமாகக் காட்டிப் பிழைக்கும் ஒரு கலைஞர், தம் மகளை இன்னொரு மாயாவியின் சீடனோடு போட்டிக்கு விடுகிறார். போட்டிக்களம், இரவில் மட்டுமே திறக்கும் கறுப்பு வெள்ளைச் சர்க்கஸ். பெயரில் சர்க்கஸ் என்றிருந்தாலும் நான் மேலே சொன்ன பிரிவின்படி இது கார்னிவலே: வளையம் முதன்மையல்ல, கூடாரம் கூடாரமாக நடந்து திரிவதே இன்பம். சூழலை எழுப்புவதில் அவருக்கு நிகரானவர் குறைவு. ஆனால் போட்டியின் விதிகள் கடைசிவரை மங்கலாகவே இருப்பதால் யாருக்கு என்ன இழப்பு நேரப்போகிறது என்ற பதற்றம் பிறப்பதில்லை. பனிக்கூடாரம் அழகாக இருக்கிறது, கதை அதைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறது. இந்த நாவலின் இடையிடையே சர்க்கஸுக்குள் நுழைபவரை “நீங்கள்” என்று விளித்துச் செல்லும் சிறு பகுதிகள் வருவதைக் கவனியுங்கள். அதே ஆண்டில் வந்த ஜெனவீவ் வாலண்டைனின் “மெக்கானிக்” நாவலிலும் இதே முன்னிலை விளிப்பு உண்டு. தொடர்பற்ற இரு எழுத்தாளர்கள் ஒரே உத்தியை எடுத்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பார்வையாளரே கதைப்பொருள் என்னும்போது அவரை விளிக்காமல் இருப்பதுதான் கடினம்.

இந்த வரிசைக்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு; அதுவே எல்லாவற்றிலும் புகழ்பெற்றது. ரே பிராட்பரியின் “சம்திங் விக்கெட் திஸ் வே கம்ஸ்” 1962இல் வெளியானது. இலினாய் மாநிலத்துக் கற்பனை ஊரான கிரீன் டவுனுக்கு அக்டோபர் மாதத்துப் பின்னிரவு மூன்று மணிக்கு ரயிலில் வந்து இறங்கும் கார்னிவலில், மெய்யான அதிசயம் மேடையில் இல்லை. அது “பழுது” என்று பலகை மாட்டி ஒதுக்கி வைக்கப்பட்ட குடைராட்டினத்தில் இருக்கிறது. முன்னோக்கிச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு வயது கூடும். பின்னோக்கிச் சுற்றினால் ஒரு வயது குறையும். இவ்வளவு எளிய விதி, இவ்வளவு துல்லியமான விலை. சுற்றி இறங்குபவரின் உடல்தான் மாறுகிறது, உள்ளம் மாறுவதில்லை. ஆகவே சிறுமியாகிவிட்ட ஆசிரியை, தன்னை அடையாளம் காண எவரும் இல்லாத ஊரில் அழுதுகொண்டு நிற்கிறாள். பதின்மூன்று வயதுச் சிறுவன் வளர ஆசைப்படுவதும், ஐம்பத்து நான்கு வயதுத் தந்தை இளமைக்கு ஏங்குவதும் ஒரே எந்திரத்தின் இரு திசைகளாகிவிடுகின்றன. மேடைக்குப் பின்னால் அதிசயத்தை ஒளித்ததால் கிடைத்தது அச்சம். ஃபின்னியும் கார்ட்டரும் மேடைமேலேயே ஒளித்ததால் கிடைத்தது நகைப்பு. பிராட்பரியின் நடை சில இடங்களில் உவமைகளின் பாரம் தாங்காமல் தள்ளாடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வயதில் படித்தபோது எனக்கு அது தெரியவில்லை.

தியடோர் ஸ்டர்ஜனின் “த ட்ரீமிங் ஜுவல்ஸ்” (1950) போதிய கவனம் பெறாத நூல். எறும்பு தின்றதற்காகப் பள்ளியில் அவமானப்பட்டு, கொடுமைக்கார வளர்ப்புத் தந்தையின் வீட்டைவிட்டு ஓடும் எட்டு வயதுச் சிறுவன் ஹோர்ட்டி ஒரு கார்னிவலில் தஞ்சம் புகுகிறான். இங்கே அதிசயத்துக்கு அறிவியல் சாயலில் ஒரு விளக்கம் உண்டு: பூமியில் வேற்றுயிரான படிகங்கள் இருக்கின்றன, அவை காணும் கனவுகளில் உயிரினங்கள் படியெடுக்கப்படுகின்றன, முற்றுப்பெறாத கனவுகளின் விளைவாகச் சில உடல்கள் அரைகுறையாக நின்றுவிடுகின்றன. மனிதர்களைப் போல இருந்தும் முழுமையான மனிதர்களாக இல்லாதவர்கள் எங்கே மறைந்து வாழ முடியும்? காசு கொடுத்து அவர்களைப் பார்க்க மக்கள் வரும் இடத்தில்தான். மனித வெறுப்பே உருவான கார்னிவல் முதலாளியும் இந்தப் படிகங்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். அதிகாரம் படைத்தவன் காட்சிக்கூடத்தின் உரிமையாளனாகவும் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை ஸ்டர்ஜன் உணர்ந்திருந்தார்.

அந்த ஆபத்து கற்பனை அன்று. பார்னம் தம் தொழிலைத் தொடங்கியதே 1835இல் ஜாய்ஸ் ஹெத் என்ற அடிமைக் கறுப்பின மூதாட்டியை 161 வயதானவர் என்று சொல்லிக் காட்சிக்கு வைத்துத்தான். அடுத்த ஆண்டு அவர் இறந்ததும், கட்டணம் கொடுத்தவர்கள் முன்னிலையில் அவருடைய உடலை அறுத்துப் பார்த்து, வயது 80க்கு மேல் இராது என்று மருத்துவர் அறிவித்தார். இறப்பும் ஒரு காட்சியாக விற்கப்பட்டது. இந்தப் பின்னணியை அறியாமல் எழுதப்படும் சர்க்கஸ் மிகுபுனைவுகள் வண்ணத்தாள் ஒட்டிய பெட்டிகளாக நின்றுவிடுகின்றன. கேதரின் டன்னின் “கீக் லவ்” (1989) இதை மிகுபுனைவின் திரையின்றி நேராகவே பார்க்கிறது: காட்சி நன்றாக ஓட வேண்டும் என்பதற்காகத் தம் குழந்தைகளை வேண்டுமென்றே உருத்திரிந்து பிறக்கச் செய்யும் பெற்றோரின் கதை அது. மன உறுதி உள்ளவர்கள் மட்டும் எடுக்கலாம். மேலே பெயர் சொன்ன “மெக்கானிக்” நாவலும் இதே உறுத்தலைச் சுமக்கிறது. போர்கள் தின்றுவிட்ட உலகில் சுற்றும் அந்தக் குழுவின் ஊஞ்சல் வித்தைக்காரர்களுக்கு எலும்புகளை எடுத்துவிட்டுச் செப்புக் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். உடலை விலையாகக் கொடுத்தவர்களே அங்கே பறக்கிறார்கள்.

இனி, மூன்றாவது கேள்வி. வேறு கிரகத்துச் சர்க்கஸ் ஏன் அரிது? மேலே சொன்ன எல்லாக் கதைகளுக்கும் பொதுவாக ஒரு பொருள் வேண்டியிருக்கிறது. அது சலிப்பூட்டும் ஊர். அபலோன் இல்லாமல் லாவோ இல்லை. கூடாரத்தின் கித்தான் சுவர், உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் பிரிக்கும் எல்லையாக இருக்கும்வரைதான் அதற்குப் பொருள் உண்டு. இரண்டு சூரியன்களும் பேசும் பாறைகளும் உள்ள கிரகத்தில் கூடாரத்துக்குள் எதைக் காட்டி வியக்கவைப்பது? வெளியும் வினோதமாகிவிட்டால் சீட்டு வாங்க ஆள் இராது. இந்தச் சிக்கலை உணர்ந்து தாண்டியவர்கள் என்று எனக்குத் தெரிந்து இருவரைச் சொல்வேன்.

ஒருவர் பேரி லாங்இயர். அவருடைய “சர்க்கஸ் வேர்ல்ட்” (1981), அதன் முன்கதையான “சிட்டி ஆஃப் பராபூ” (1980), இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சொல்லும் “எலிஃபண்ட் சாங்” (1982) ஆகிய மூன்றும் ஒரே தொடர். கிரகம் கிரகமாகச் சென்று காட்சி நடத்தும் சர்க்கஸ் கப்பல் ஒன்று மோமஸ் என்ற கிரகத்தில் சிக்கிக்கொள்கிறது, மீட்க எவரும் வரவில்லை, தலைமுறைகள் கழிகின்றன. பராபூ என்பது ரிங்லிங் சகோதரர்கள் 1884இல் தங்கள் சர்க்கஸைத் தொடங்கிய விஸ்கான்சின் மாநிலத்து ஊரின் பெயர். மோமஸ் கிரேக்கத் தொன்மத்தில் ஏளனத்தின் தெய்வம். லாங்இயர் கண்ட தீர்வு துணிச்சலானது. சலிப்பூட்டும் ஊரைத் தேடுவதற்குப் பதிலாகச் சர்க்கஸையே ஊராக்கிவிட்டார். எல்லாரும் கோமாளிகள், மந்திர வித்தைக்காரர்கள், குறி சொல்பவர்கள், கழைக்கூத்தாடிகள் என்றால் பார்வையாளர் யார்? ஒருவருக்கு ஒருவரே. கதை சொன்னால் காசு, வித்தை காட்டினால் காசு, பேரம் பேசுவதே ஒரு வித்தை. வெளியிலிருந்து வரும் தூதர் ஒருவர் இந்தச் சமூகத்திடம் ஆட்சி, பாதுகாப்பு என்றெல்லாம் பேச முற்படும்போது எழும் நகைச்சுவையே நூலின் உயிர். நடை எளிமையானது, பாத்திரங்களில் ஆழம் குறைவு. ஆனால் கருத்தின் புதுமை இன்றும் மங்கவில்லை.

மற்றவர் ராபர்ட் சில்வர்பெர்க். 1980இல் வந்த “லார்ட் வேலண்டைன்ஸ் கேஸில்” நாவலின் மஜிபூர், பூமியைவிடப் பன்மடங்கு பெரிய கிரகம். உலோகங்கள் அரிதாக இருப்பதால் அடர்த்தி குறைந்து, ஈர்ப்பு மனிதர் தாங்கும் அளவில் இருக்கிறது என்று அவர் காரணமும் சொல்கிறார். நினைவிழந்த இளைஞன் ஒருவன், நான்கு கைகள் கொண்ட ஸ்கண்டார் இனத்தார் நடத்தும் பந்து வீசிப் பிடிக்கும் வித்தைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறான். இங்கே உலகம்தான் வினோதம். வித்தையோ மிகமிகச் சாதாரணமானது. மாயம் எதுவும் இல்லாமல், கண்ணும் கையும் மூச்சும் ஒருமித்து மூன்று பந்துகளைக் காற்றில் நிறுத்தும் பயிற்சி. அந்நிய உலகில் மனிதன் பற்றிக்கொள்ளும் கைப்பிடியாக வித்தை மாறிவிடுகிறது. எல்லாரும் அதிசயத்தைக் கூடாரத்துக்குள் வைத்தார்கள் என்றால் இவர் அதை வெளியே வைத்துவிட்டு, உள்ளே ஒழுக்கத்தை வைத்தார். நாவலின் பிற்பாதி வழக்கமான அரியணைக் கதையாகிவிடுவது வருத்தம். குழுவோடு அலையும் முற்பாதியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. எம். ஜான் ஹாரிசனின் “லைட்” (2002) நாவலில் எதிர்கால நட்சத்திர நகரம் ஒன்றில் ஒரு சர்க்கஸ் வருகிறது. அதன் பெயரிலேயே ஃபின்னியின் லாவோவுக்கு ஒரு வணக்கம் ஒளிந்திருக்கிறது. ஆனால் அது கடினமான நூல், சர்க்கஸ் அதன் ஒரு மூலை மட்டுமே.

படிக்கும் வரிசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதின்வயதினருக்காகத் தேடுகிறீர்கள் என்றால் பிராட்பரியில் தொடங்குங்கள். அக்டோபர் மாதத்து நாவல் என்றாலும் எந்த மாதத்திலும் குளிரும். வேற்றுலகமே உங்கள் முதல் விருப்பம் என்றால் சில்வர்பெர்க், பிறகு லாங்இயர். மொழியின் களிப்புக்காகப் படிப்பவர் நேராகக் கார்ட்டரிடம் போகலாம். முதல் ஐம்பது பக்கங்களில் ஃபெவர்ஸ் பேசிக்கொண்டே இருப்பாள், நிறுத்தாமல் கேளுங்கள். “த நைட் சர்க்கஸ்” பலருக்கு இவ்வகை நூல்களின் வாசலாக இருந்திருக்கிறது. அதைப் படித்து மயங்கியவர் அடுத்து ஸ்டர்ஜனை எடுத்தால், அதே ஏக்கத்தின் அடியில் எவ்வளவு காயம் இருக்கக்கூடும் என்பது புலப்படும்.

எவ்வரிசையில் போனாலும் ஃபின்னியை விட்டுவிடாதீர்கள். படிக்கும்போது கதை முடிந்ததும் நூலை மூடிவிடாதீர்கள். ஊர்மக்கள் தத்தம் வழியே கலைந்து போனபின் பின்னிணைப்பாக ஒரு பட்டியல் வருகிறது. கதையில் வந்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள், விலங்குகள், தெய்வங்கள், உணவுகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம், பெரும்பாலும் கதையைவிடக் கேலியாக. அதன் இறுதியில், நாவலில் விளக்கப்படாத முரண்களையும் ஐயங்களையும் ஆசிரியரே கேள்விகளாக வரிசைப்படுத்திவிட்டு, ஒன்றுக்கும் விடை சொல்லாமல் போய்விடுகிறார்.